சாம்பல் போட்டுத் தேய்த்த மூன்று குழாய்கள்

எனக்கு எண்பத்து மூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தம்பி விட்டுப்போன பெண். ஐந்து பேரையும் யார் வாசலிலும் போய்க் கை நீட்டாமல் வளர்த்தேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

எழுதச் சொன்னது என் பேத்தி, மூத்த மகனின் பெண். இப்போது மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவள் போகிற டாக்டர், குடும்பத்தில் யாருக்கெல்லாம் ரத்தம் நிற்காமல் போனது, எந்த வழியில் வந்தது என்று கேட்டாராம். என் மகனுக்கு அந்தக் கோளாறு உண்டு. அவன் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையெல்லாம் ஒரு பையில் பத்திரமாக வைத்திருக்கிறான். பேத்தி அந்தப் பையை வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சீட்டுல இர்க்கறது எனுக்குத் தெரியும் ஆயா. சீட்டுல இல்லாதத நீ எழுது. எனுக்கு எழுதத் தெரியும், எழுதத் தெரியும்னு சொல்லிகினே இருப்பியே."

சொல்வேன்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லை. நான் எழுத்துப் பழகியது கண்ணாடிக் குழாயில் ஒட்டும் சீட்டைப் பார்த்து. அதனால்தான் என் எழுத்து பொடியாக இருக்கும். அந்தச் சீட்டின் அகலம் அவ்வளவுதான்.

நெய்வேலியில் டவுன்ஷிப் முடிகிற ஓரத்தில் ஒரு டாக்டரம்மா சின்னதாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். இப்போது அந்த இடத்தில் வேறு கட்டடம் நிற்கிறது. அங்கே நான் லேப் ஆயா. என் வீட்டுக்காரர் அப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. சுரங்கத்துக்காக நிலம் எடுத்தபோது எங்களிடம் எடுக்க நிலமே இல்லை. நட்டதும் அறுத்ததும் மட்டுந்தான் நாங்கள். அதனால் நிலம் போனதும் கையில் இருந்த வேலையும் போனது. பெருக்குகிற வேலை இருக்கிறதா என்று அந்த ஆஸ்பத்திரியில் கேட்கப் போனேன். டாக்டரம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கழுவுவீங்களா, உடைக்காம?" என்று கேட்டார். "மண் சட்டியையே ஒடைக்காத கைங்க" என்றேன். அன்றைக்கே வேலை கிடைத்தது.

முதல் இரண்டு மாதம் குழாய்களைச் சாம்பல் போட்டுத்தான் தேய்த்தேன். எங்கள் ஊரில் சாம்பலுக்குக் குறைவில்லை. ஜன்னல் விளிம்பில் விரலால் தொட்டாலே அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒட்டும். அடுப்புச் சாம்பலைச் சலித்து, தேங்காய் நாரைக் குச்சியில் சுற்றி, குழாய்க்குள் விட்டுக் குடைவேன். பித்தளைச் செம்பு மாதிரி பளிச்சென்று வரும் என்று எனக்கு எண்ணம். லேபில் இருந்த டெக்னீஷியன் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆயா, இது என்ன கும்பாவா, இந்தத் தேய் தேய்ச்சிருக்கீங்க? உள்ள பூரா கீறல். சோப்புத் தண்ணியும் பிரஷும் போதும்னு சொன்னேம்லா."

அன்றோடு சாம்பல் நின்றது. ஆனால் அந்தக் குழாய்கள் புதுக் குழாய்களோடு கலந்து இன்னும் கொஞ்ச நாள் ஓடின.

கழுவுகிற வேலைதான் எனக்கு. பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் பார்த்தேன். மற்ற சோதனைகளில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ரத்தம் உறைகிற சோதனை என்றால் மட்டும் வாளியை வைத்துவிட்டு வந்து நிற்பேன்.

ஆபரேஷனுக்கும் பல் எடுக்கவும் முன்னால் அதைச் செய்வார்கள். முதலில் காது மடலில் ஒரு குத்து. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் வட்டமான ஒற்றுத்தாளால் ஒற்றி எடுப்பார்கள். முதல் பொட்டு பெரிய குங்குமப் பொட்டு மாதிரி விழும். அடுத்தது சின்னது, அதற்கடுத்தது இன்னும் சின்னது, கடைசியில் ஒன்றும் ஒட்டாது. நூல் போன்ற கண்ணாடிக் குழலில் ரத்தத்தை ஏற்றி, அரை நிமிடத்துக்கு ஒரு துண்டாக ஒடிப்பதும் உண்டு. ஒடித்த இரண்டு துண்டுக்கும் நடுவில் ரத்தம் இழையாக நீண்டால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். முதல் தரம் அதைப் பார்த்தபோது, "கம்பிப் பதம்" என்று என் வாயில் வந்துவிட்டது. டெக்னீஷியன் அம்மா சிரித்துவிட்டார். வெல்லப் பாகு காய்ச்சியவளுக்கு வேறு என்ன தோன்றும்?

கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் செய்வது மூன்றாவது வகை. மூன்று குழாயில் சமமாக ஊற்றி, உடம்புச் சூட்டுத் தண்ணீரில் நிறுத்துவார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு குழாயைத் தூக்கிச் சாய்ப்பார்கள். முதலில் தண்ணீராக ஓடும். பிறகு கஞ்சி மாதிரி சோம்பி ஓடும். பிறகு ஒரு தரம் சாய்த்தால் ஓடாது. குப்புறக் கவிழ்த்தாலும் விழாது. இப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது, யார் சொல்லி நின்றது? அதுதான் எனக்குப் புரியவில்லை. டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டேன்.

"ஒண்ணு ஒண்ணா எழுப்பிவிடும் ஆயா. ரத்தத்துக்குள்ள பன்னிரண்டு பதின்மூணு பேர் வரிசையா தூங்குறாங்கன்னு வச்சுக்கோங்க. கண்ணாடியில பட்டதும் மொத ஆள் முழிப்பான். அவன் அடுத்தவனை எழுப்புவான். கடைசி ஆள்தான் வலை பின்னுறவன்."

"நடுவுல ஒர்த்தன் எழுந்திரிக்கலன்னா?"

"அப்ப வலை லேட்டாத்தான் வரும். வராமலும் போகும்."

அதை நான் மறக்கவில்லை.

அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று கண்டேன். நான் சாம்பல் போட்டுத் தேய்த்த குழாயில் ரத்தம் முந்தி உறைந்தது. ஒரே ஆள் ரத்தம், ஒரே தண்ணீர், பக்கத்தில் நிற்கும் புதுக் குழாயில் இன்னும் ஓடும், சாம்பல் குழாயில் நின்றிருக்கும். டெக்னீஷியன் அம்மாவும் கணக்கு முன்பின்னாக வருகிறதே என்று திட்டிவிட்டு, "கீறல் விழுந்ததையெல்லாம் தூரப் போடுங்க" என்றார். போட்டேன். மூன்றை மட்டும் போடவில்லை. பழைய பால்பவுடர் டப்பாவில் துணி சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

ஏன் வைத்தாய் என்றால், தயிர்ச்சட்டியைக் கேட்டால் தெரியும். எல்லாச் சட்டியிலும்தான் பால் ஊற்றுகிறோம், ஒரு சட்டியில்தான் தயிர் கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி உறையும். அந்தச் சட்டியை யாரும் தூக்கிப் போடமாட்டார்கள், இரவலும் தரமாட்டார்கள். நல்ல கைராசிக் குழாய் என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான் அப்போது என் அறிவு.

இனி என் தம்பி. நான் லேபுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. அவனுக்கு இருபத்தாறு வயது. பல் வலி என்று குள்ளஞ்சாவடிச் சந்தைக்குப் போனான். அங்கே கோணி விரித்து உட்கார்ந்திருந்த ஒருவன் குறடால் பிடுங்கிவிட்டான். மத்தியானம் சிரித்துக்கொண்டுதான் வந்தான். அதற்குப் பிறகு வாயில் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு வைத்தோம், படிகாரம் வைத்தோம், காப்பித்தூள் வைத்தோம். நிற்கும், மறுபடி கசியும். ஆறாம் நாள் போய்விட்டான். கைக்குழந்தையைக் காட்டி அவன் பெண்சாதி அழுதாள். ஒரு வருடத்தில் அவளும் காய்ச்சலில் போனாள். குழந்தை என்னிடம் வந்தது.

அதோடு போயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். என் மூத்தவனுக்குச் சின்னதிலிருந்தே அடிபட்டால் நீலம் பாரிக்கும். பந்து விளையாடிவிட்டு வந்தால் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கும். ஒரு தரம் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் கசிந்தது. என் மாமியார் சும்மா இருக்கவில்லை.

"எங்க வூட்டுல யாருக்கும் இப்படி இல்ல. உங்க அம்மா வூட்டு ரத்தம் நீத்து ரத்தம். மாமனைப் போலத்தான் இவனும்."

 தண்ணீராய் நீர்த்துப்போனது என்கிற அந்த 'நீத்து ரத்தம்' என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாக நின்றது. லேபில் யாரிடமும் என் தம்பி எப்படிச் செத்தான் என்று நான் வாய் திறந்ததில்லை.

மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. ஃபிட்டர் வேலை படித்துக்கொண்டிருந்தான். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துவிட்டது. கன்னம் வீங்கி, சோறு இறங்காமல் கிடந்தான். கடலூரிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பல் டாக்டர் பார்த்துவிட்டு, எடுத்தே ஆகவேண்டும், முதலில் ரத்தம் பார்த்துவிட்டு வா என்று சீட்டு எழுதினார்.

அந்தச் சீட்டோடு என் மகன் லேபுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். குழாய் எடுத்துக் கொடுப்பது என் வேலை. டெக்னீஷியன் அம்மா ஊசியைத் தயார் செய்துகொண்டு, "ஆயா, மூணு குழாய்" என்றார்.

நான் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்றாலும் பொய். என் பிள்ளை ரத்தம் உறைய வேண்டும். உறைவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். மாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நல்ல சட்டியில் ஊற்றினால் நல்லபடி உறையும். இவ்வளவுதான் நெஞ்சில் ஓடியது. டப்பாவைத் திறந்து மூன்றையும் எடுத்து மேசையில் நிறுத்தினேன்.

ரத்தம் எடுத்து மூன்றிலும் ஊற்றினார். ஊசியில் மீதி இருந்ததை, ரத்த குரூப் பார்க்க வேண்டும் என்று, மேசையில் இருந்த ஒரு புதுக் குழாயில் விட்டு ஓரமாக நிறுத்தினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சாய்க்க ஆரம்பித்தார்.  ஒன்பதாவது நிமிடம் மூன்றாவது குழாயும் நின்றது.

"நார்மல்தான் ஆயா. ஏன் இப்படி வேர்த்திருக்கு உங்களுக்கு?"

என் மகன் வீங்கிய வாயோடு சிரித்தான். "அம்மாவுக்கு என் பல்லு மேல பாசம்ங்க. அது வந்தப்பகூட ஊரக் கூட்டிச்சாம்."

மறுநாள் காலையில் பல் எடுப்பது என்று சீட்டு எழுதியாயிற்று. அவன் வீட்டுக்குப் போனான். டெக்னீஷியன் அம்மா டீ குடிக்கப் போனார். நான் மேசையைத் துடைத்தேன். அப்படித் துடைக்கும்போதுதான் ஓரத்தில் நின்ற அந்த நாலாவது குழாய் கையில் பட்டது.

சாய்த்துப் பார்த்தேன். ஓடியது.

கடிகாரம் பார்க்க அதற்குள் கற்றிருந்தேன். ரத்தம் எடுத்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. திரும்பவும் சாய்த்தேன். தண்ணீர் போலத்தான் ஓடியது. என் மூன்று குழாயையும் எடுத்துப் பக்கத்தில் பிடித்தேன். அவை குப்புறக் கவிழ்த்தாலும் விழவில்லை. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே ரத்தம். மூன்று உறைந்திருக்கிறது, ஒன்று உறையவில்லை. எந்தக் குழாய் உண்மையைச் சொல்கிறது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பல் எடுத்த குழியில் சாம்பல் போட்டுத் தேய்த்த கண்ணாடியா இருக்கப்போகிறது?

குழாய்களைக் கழுவிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். அதைவிட, 'திருட்டுக் குழாய் வைத்தவள்' என்ற பேர் வரும். எனக்குப் பேர் பெரிது. இன்றைக்கும் பெரிதுதான். ஆனால் சந்தையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்த என் தம்பியின் முகம் அந்தக் குழாயில் தெரிந்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும். எனக்கு நினைவு வந்தது முகம் இல்லை. அவன் ரத்தம் துப்பின மண் சட்டி.

டெக்னீஷியன் அம்மா டீ முடித்து வரும்போது நாலு குழாயையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"இதப் பாருங்கம்மா. இது மூணும் நின்னுபோச்சு. இது இன்னும் ஓடிகினே இர்க்குது."

வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அந்த மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கினார். கீறலைப் பார்த்துவிட்டார்.

"இதெல்லாம் தூரப் போட்டாச்சுன்னு சொன்னீங்க."

"மூணு மட்டும் வெச்சிகினேன்."

"எதுக்கு?"

"நல்லா உறையுமேன்னு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  "தயிருக்கா ஆயா உறை ஊத்துனோம்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"என் தம்பி பல்லு புடுங்கித்தாம்மா செத்தான்" என்றேன்.

"என்னது?"

"ஆறு நாளு. ரத்தம் நிக்கல."

"இத்தனை நாள் இங்க இருக்கீங்க. இத ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியேம்மா."

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு இழுத்துப் போனார். எல்லாவற்றையும் அவரே சொன்னார். டாக்டரம்மா பெரிய ஊரில் ரத்தத்தைப் பற்றியே படித்துவிட்டு வந்தவர். முதல் வேலையாக மறுநாள் பல் எடுக்கிற சீட்டைக் கிழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அந்தப் பல்லை எடுத்திருந்தா உங்க தம்பிக்கு ஆனதுதான் இவனுக்கும். தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"தெரிஞ்சுதான் வந்து சொன்னீங்க. உட்காருங்க."

அவர் முன்னால் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். என் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், ஆண் எத்தனை, பெண் எத்தனை, அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் சின்ன வயதில் செத்த ஆண் யார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். எனக்கு நினைவே இல்லாத ஒரு மாமனை அன்று நினைவுக்குக் கொண்டுவந்தார். பல்லா, கால் வெட்டா, எதில் போனார் என்று கேட்டார். பனை மட்டை கிழித்துப் போனார் என்று என் அம்மா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று கட்டத்தில் மை தீட்டினார். மூன்று கட்டத்துக்கும் நடுவில் வட்டங்களாக நாங்கள் நின்றோம். நானும் என் அம்மாவும்.

"நீங்க யாரும் ரத்தம் சிந்தமாட்டீங்க. ஆனா கொண்டுபோய்க் குடுப்பீங்க" என்றார்.

மாமியார் சொன்னது பாதி சரிதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அம்மா வீட்டு ரத்தம்தான். ஆனால் நீத்துப் போனது இல்லை. வரிசையில் ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே டெக்னீஷியன் அம்மா தன் கையிலேயே ஊசி போட்டுக்கொண்டார். புதுக் குழாயில் ஒன்று, என் சாம்பல் குழாயைக் கழுவி அதில் ஒன்று. புதியதில் எட்டு நிமிடம். சாம்பலில் ஐந்து. டாக்டரம்மாவும் வந்து நின்று பார்த்தார்.

"கீறல் அதிகமா இருந்தா கண்ணாடியில படுற இடமும் அதிகம். மொத ஆள் சீக்கிரம் முழிச்சுக்கிறான்" என்றார். பிறகு, "இது உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும் ஆயா?" என்று கேட்டார்.

"மழைக்கு முந்தியே தெரியுங்க."

"இனிமே எதாவது கண்டா அலமாரிக்குப் பின்னால வைக்காதீங்க. எங்கிட்ட சொல்லுங்க."

வேலை போகவில்லை. ஆனால் மகன் வாயில் சீழ் இருந்தது. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. பல்லை எடுக்காமலும் விடமுடியாது. எடுத்தால் ரத்தம் நிற்க, வேறு ஆளின் ரத்தத்திலிருந்து அந்த எழுந்திருக்காத ஆளைக் கொடுக்க வேண்டும். எந்த ஆள் என்று தெரிந்தால்தான் எதைக் கொடுப்பது என்று தெரியும். வரிசையில் நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் உண்டு; எட்டாம் நம்பர் என்றால் ஒரு வகை. அது ரத்தத்தைச் சேமித்து வைத்தால் செத்துப்போகும். ஒன்பதாம் நம்பர் என்றால் இன்னொரு வகை. அது கொஞ்ச நாள் தாங்கும். அதைக் கண்டுபிடிக்கும் பெரிய யந்திரமெல்லாம் எங்களிடம் இல்லை.

டாக்டரம்மா ஒரு வழி வைத்திருந்தார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் முப்பது வயசுக்காரர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். ஆபீஸில் படம் வரைகிற வேலை. அவருக்கும் இதே கோளாறு, அவர் ரத்தத்தில் எழுந்திருக்காதது எட்டாம் நம்பர் ஆள் என்று வெளியூரில் ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். ஆள் அனுப்பியதும் மறுநாள் காலையில் தன் அம்மாவோடு வந்தார். அந்த அம்மா சுங்கடிச் சேலை கட்டி, வாயில் வெற்றிலையோடு, பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். நான் இன்னொரு ஓரத்தில் நின்றேன்.

"உட்காருங்க அம்மிணி. பெஞ்சு நீளமாத்தானுங்களே இருக்குது."

உட்கார்ந்தேன்.

டெக்னீஷியன் அம்மா விளக்கினார். இரண்டு பேர் ரத்தத்திலும் உறையவிடாத மருந்து போட்டு, சுழற்றி, மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுத்து ஒரே குழாயில் கலப்பார்கள். பிறகு சுண்ணாம்புச் சத்து விட்டு உறையவைத்துப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் இல்லையென்றால் கலந்தாலும் உறையாது. ஒருவருக்கு ஒரு ஆளும் மற்றவருக்கு வேறு ஆளும் குறைந்தால், ஒருவருடையது மற்றவருக்கு ஈடு கொடுத்து உறைந்துவிடும்.

அந்த அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "சுண்ணாம்பு வெத்தலைக்குத்தானுங்கன்னு இருந்தேன்" என்றார்.  நான் எந்தத் தெருக்காரி என்று அவருக்குத் தெரியும். என் சேலைக் கட்டே சொல்லும். "ஒரே கொழாய்லயாங்க ஊத்துவீங்க, எம்பட பையன் ரத்தத்தையும் இவிய பையன் ரத்தத்தையும்?" என்று கேட்டார்.

லேபில் இருந்தவர்களை முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

"ஆமாங்க. உங்களுதும் உறையாது, எங்களுதும் உறையாது. அதுல உசத்தி எங்க இர்க்குது, பாக்கலாம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து என் மகனும், "அண்ணே, உங்களுது எட்டாம் நம்பரு. என்னுது எந்த நம்பருன்னே தெரில. பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இர்க்குது" என்றான். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஊத்துங்க, ஊத்துங்க. எது எதைக் காப்பாத்துதுன்னு நானும் பாக்கறேன்" என்றார்.

அன்றைக்கு எல்லாம் புதுக் குழாய். நானே எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, கீறல் இல்லை என்று டெக்னீஷியன் அம்மாவின் வாயால் சொல்லவைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். ஒரு குழாயில் என் மகனுடையது தனியாக. ஒன்றில் அவருடையது தனியாக. நடுவில் கலந்தது. சுண்ணாம்புச் சத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினார்கள்.

சாய்த்தார்கள். ஓடியது, மூன்றும். திரும்பவும் சாய்த்தார்கள். ஓடியது. அந்த அம்மாவின் தோள் என் தோளில் இடித்தது. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஓரத்துக் குழாய் இரண்டும் தண்ணீராக ஓடின. நடுக் குழாயைச் சாய்த்தபோது உள்ளே மஞ்சள் நீருக்குள் வெள்ளையாக ஒரு மேகம் கட்டியிருந்தது. இன்னொரு தரம் சாய்த்தார்கள். அசையவில்லை.

"நின்னுபோச்சு" என்றேன். டெக்னீஷியன் அம்மா சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா குழாயை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். "இவருக்கு இல்லாதது உங்க பையன்கிட்ட இருக்கு. உங்க பையனுக்கு இல்லாதது இவர்கிட்ட இருக்கு. உங்களுது ஒன்பதாம் நம்பராத்தான் இருக்கணும்."

"அப்ப ரெண்டும் சேந்தா ஒரு முழு ஆளுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அந்தக் குழாய்க்குள்ள மட்டும்" என்றார் டாக்டரம்மா.

சேமித்து வைத்த ரத்தத்தின் மஞ்சள் நீரே இவனுக்குப் போதும் என்று ஆயிற்று. பாண்டிச்சேரியிலிருந்து ஐஸ் பெட்டியில் என் வீட்டுக்காரர் வாங்கிவந்தார். கடலூரில் பஸ் மாறும்போது கண்டக்டர் மீன் பெட்டி என்று நினைத்து மேலே போடச் சொன்னாராம். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அதை ஏற்றிவிட்டு, பல் டாக்டர் பல்லை எடுத்தார். தையல் போட்டு, துணியைக் கடிக்கச் சொன்னார்கள். நான் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் துணியைக் கடித்தபடியே, "நீ இப்படிப் பாத்துகினு இருந்தா அது கூச்சப்பட்டு உறையாது. போம்மா" என்றான்.

உறைந்தது. கறுப்பு முத்து மாதிரி அந்தக் குழியில் நின்றது. இரண்டாம் நாள் கொஞ்சம் கசிந்தது. இன்னொரு பாட்டில் ஏற்றினார்கள். ஆறாம் நாள் காலையில் அவன் இட்லி கேட்டான். அந்த ஆறாம் நாளை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும். பிடுங்கிய பல்லை நானே கழுவினேன். சோப்புத் தண்ணீரும் பிரஷும்தான்.

ஒன்று மட்டும் இன்னும் சொல்ல வேண்டும். என் தம்பி மகளை என் மூத்தவனுக்குத்தான் கட்டுவது என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு. மாமன் மகள், முறை. டாக்டரம்மா போட்ட படத்தைப் பார்த்தேன். தம்பியின் கட்டத்தில் மை. அவன் பெண்ணின் வட்டம் அதன் கீழே. என் மகன் கட்டத்திலும் மை. இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தால் கீழே வரப்போகிற பெண் பிள்ளைக்கும் மை விழலாம் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். நான் அவளை நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வேலைக்காரருக்குக் கொடுத்தேன். 'வளர்த்தவளே ஒதுக்கிவிட்டாள்' என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டேன். அவள் பிள்ளை பெற்றபோதெல்லாம் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நானே கூடப் போய்ச் சொன்னேன்.

பேத்தி, உன் அப்பனின் கட்டத்துக்குக் கீழே உன் வட்டம் இருக்கிறது. நீ சிந்தமாட்டாய். ஆனால் உன் வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால், பார்க்க வேண்டும். உன் டாக்டரிடம் ஒன்பது என்று சொல். மூன்று பேர் என்று சொல். பனை மட்டை, பல், பிறகு உன் அப்பன். பிறந்ததும் யாரும் கேட்காமலே நீ சொல்லிவிட வேண்டும். என்னை மாதிரி, கேட்கவில்லையே என்று இருக்காதே.

அந்த மூன்று குழாய் விஷயம் சீட்டில் இல்லை. டாக்டரம்மாவும் எழுதவில்லை, டெக்னீஷியன் அம்மாவும் வெளியே சொல்லவில்லை. முதல் சோதனை சரியாக வரவில்லை, திரும்பச் செய்தோம் என்றுதான் உன் அப்பனிடம் சொன்னார்கள். இத்தனை வருடமாக அவன் அப்படித்தான் நினைத்திருக்கிறான். அவன் பல்லைப் பற்றிப் பேச்சு வந்தால், 'எங்கம்மா பக்கத்துலயே நின்னுச்சு' என்று பெருமையாகச் சொல்வான். அதைக் கேட்டுக்கொண்டு நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கண் மங்கல். எழுதியதைத் திரும்பப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. நீதான் படித்துக் காட்ட வேண்டும். அறைக்குள் வேண்டாம். கூடத்தில், உன் அப்பன் பேப்பர் பார்க்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார். டி.வி.யை நிறுத்தச் சொல். முதலிலிருந்து, சத்தமாகப் படி. சாம்பல் வருகிற இடத்தில் அவன் நிமிர்ந்து பார்த்தாலும் நீ நிறுத்தாதே, படி.